எழுத்துப் பிறழா வரைபடம்

நுழையும்முன்

ஊரைத் தேடி வந்தவர்கள் வழியில் எதிர்ப்படுவோரைக் கேட்டறிந்த காலம் ஒன்று உண்டு. இன்று கைப்பேசித் திரையில் விரியும் வரைபடமே வழிகாட்டியாகிவிட்டது. அவ்வரைபடத்தில் நம் ஊர்ப்பெயர் தமிழில் பிழையின்றித் தோன்ற வேண்டுமாயின், திரைக்குப் பின்னே பல பணிகள் முறையாக நடைபெற வேண்டும். அப்பணிகள் அனைத்தையும் ஒரே மென்பொருள் செம்மையாகச் செய்வதில்லை. எது எதைச் செய்யும், எங்கே தவறும் என்பதை அறிந்து அவற்றை இணைத்துப் பயன்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சேலம் 'சலேம்' ஆன கதை

இணையத்தில் வரைபடம் ஒன்றை உருவாக்கும் மாணவர் ஒருவர், ஊர்ப்பெயர்களைத் தமிழில் காட்டுமாறு கட்டளையிடுகிறார் எனக் கொள்வோம். சாலைகளும் ஆறுகளும் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆனால், சேலம் இருக்க வேண்டிய இடத்தில் 'சலேம்' என்று எழுதியிருக்கிறது. தரவில் பிழை இருக்குமோ என்று அவர் தேடிப் பார்க்கிறார். அங்கே 'சேலம்' என்றே சரியாக உள்ளது. எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார். அப்போதும் பிழை நீங்கவில்லை. தரவும் சரி, எழுத்துருவும் சரி எனில் இரட்டைக்கொம்பு ஏன் இடம் மாறியது? இவ்வினாவுக்கு விடை காண, இணைய வரைபடம் எவ்வாறு திரைக்கு வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

துண்டுகளாகும் உலகம்

உலகின் வரைபடம் முழுவதையும் ஒரே படமாக இணையத்தின் வழியே அனுப்புதல் இயலாது. எனவே, அது சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. தரையில் பதிக்கும் டைல்களைப் போல இவை ஒன்றையொன்று ஒட்டி அமைவதால், கணினியாளர் இவற்றை 'டைல்' என்றே வழங்குவர். 2005ஆம் ஆண்டு வெளிவந்த கூகுள் மேப்ஸ் இம்முறையைப் பெரிதும் பரவலாக்கியது.

துண்டுகளைப் பிரிக்கும் கணக்கு எளியது. பெருக்கநிலை சுழியில் உலகம் முழுவதும் ஒரே துண்டு. அடுத்த நிலையில் அத்துண்டு நான்காகும். அதற்கடுத்த நிலையில் அவை ஒவ்வொன்றும் நான்காகிப் பதினாறாகும். இவ்வாறே பெருகிப் பதினான்காம் நிலையில் 26,84,35,456 துண்டுகள் ஆகின்றன. நாம் பார்க்கும் பகுதிக்குரிய சில துண்டுகளை மட்டும் உலாவி சேவையகத்திடமிருந்து கேட்டுப் பெறுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பெருக்கநிலை, நெடுக்கு எண், கிடக்கை எண் ஆகிய மூன்று எண்களே முகவரி.

படத்துண்டும் வெக்டர் துண்டும்

இத்துண்டுகள் இரு வகைப்படும். முதல் வகை படத்துண்டு. சேவையகத்திலேயே சாலை, ஆறு, ஊர்ப்பெயர் ஆகிய அனைத்தும் வரையப்பட்டு, நிழற்படம் போன்ற ஒரு கோப்பாக அது வந்து சேரும். அதனை அப்படியே திரையில் அடுக்கினால் போதும். ஆயினும் வரைந்தது வரைந்ததே. நிறத்தை மாற்றவோ, ஆங்கிலப் பெயரை நீக்கித் தமிழ்ப் பெயரை வைக்கவோ பயனரால் இயலாது. பெரிதாக்கினால் கோடுகள் மங்கும்.

இரண்டாம் வகை வெக்டர் துண்டு. இதில் படம் இல்லை; படம் வரைவதற்கான எண்களே உள்ளன. ஒரு துண்டின் பக்கம் பெரும்பாலும் 4096 அலகுகளாகப் பகுக்கப்படும். ஒரு சாலை எந்தப் புள்ளியில் தொடங்கி, அங்கிருந்து எத்தனை அலகு வலமும் கீழுமாக நகர்ந்து அடுத்த புள்ளியை அடைகிறது என்பன போன்ற குறிப்புகள் அதில் செறிவாக எழுதப்பட்டிருக்கும். நிலநடுக்கோட்டில், பதினான்காம் நிலைத் துண்டு ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். அதனை 4096ஆல் வகுத்தால் ஓர் அலகு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆகும். சாலையையும் கட்டடத்தையும் காட்ட இந்த நுட்பம் போதுமானது. ஆகவே, பதினான்காம் நிலையோடு துண்டுகளை நிறுத்திக்கொண்டு, அதற்கு மேற்பட்ட நிலைகளில் அதே எண்களைக் கொண்டு பெரிதாக வரைவது வழக்கம். வரையப்படுவது ஒவ்வொரு முறையும் புதிதாக என்பதால் கோடுகள் மங்குவதில்லை.

வெக்டர் துண்டில் வடிவத்தோடு பண்புகளும் உடன் வருகின்றன. இது சாலை, இது நெடுஞ்சாலை, இது ஊர், இதன் பெயர் இது என்னும் விவரங்களே அவை. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்த வரைபடத் திட்டத்தில், ஓர் ஊருக்குப் பொதுப்பெயரோடு ஒவ்வொரு மொழிக்கும் உரிய பெயரைத் தனித்தனியே பதிய இடமுண்டு. அத்தரவிலிருந்து உருவாக்கப்படும் வெக்டர் துண்டுகள் தமிழ்ப் பெயரையும் சுமந்து வர இயலும். ஆங்கிலப் பெயரைக் காட்டு, தமிழ்ப் பெயரைக் காட்டு என்று ஒரு விதியை மாற்றினாலே வரைபடத்தின் மொழி மாறிவிடும். படத்துண்டுக்கு இல்லாத இவ்வாற்றலே தமிழர்க்கு வெக்டர் துண்டு தரும் பெரும்பேறு. ஆனால், இடரும் இங்கேதான் தோன்றுகிறது. வரையும் பணி சேவையகத்திலிருந்து பயனரின் கருவிக்கு இடம்பெயர்ந்ததும், எழுத்தை எழுதும் பொறுப்பும் உடன் இடம்பெயர்ந்தது.

ஒலிவரிசையும் வடிவவரிசையும்

உயிர்மெய் எழுத்தில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக அமையும் என்பதை இலக்கணத்தில் கற்றுள்ளோம். ஒருங்குறியும் தமிழை இவ்வொலிவரிசையிலேயே சேமிக்கிறது. 'சேலம்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. கணினியிலோ ஐந்து குறியெண்கள்: சகரம் 2970, இரட்டைக்கொம்பு 3015, லகரம் 2994, மகரம் 2990, புள்ளி 3021.

எழுதும்போது இவ்வரிசை மாறுகிறது. இரட்டைக்கொம்பு சகரத்துக்கு இடப்புறம் வரவேண்டும். 'கொ' என்பதிலோ ஒரே குறியெண்ணுக்குரிய வடிவம் இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக நிற்கவேண்டும். 'கு', 'டு', 'து' முதலியவற்றில் உகரக்குறி மெய்யோடு கலந்து வெவ்வேறு வடிவம் பெறும். ஒலிவரிசையில் உள்ள குறியெண்களை வடிவவரிசைக்கு மாற்றி, உரிய கூட்டுவடிவங்களைத் தெரிந்தெடுத்து அடுக்கும் பணியை எழுத்து வடிவாக்கம் எனலாம். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் உலாவிகள் இப்பணியை ஓசையின்றிச் செய்துவருகின்றன. அதனால்தான் தமிழ் இணையப் பக்கங்களைப் பிழையின்றிப் படிக்க முடிகிறது.

தெரிந்து தெளிவோம்

குரோம், ஃபயர்பாக்ஸ் முதலிய உலாவிகளில் எழுத்து வடிவாக்கத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மென்பொருள். பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' என்னும் பொருள்படும் சொற்களிலிருந்து அதன் பெயர் அமைந்தது. படத்துண்டுகளைச் சேவையகத்தில் வரையும் மாப்னிக் என்னும் மென்பொருளும் இதனையே பயன்படுத்துகிறது. படத்துண்டு வரைபடங்களில் தமிழ் சிதையாமல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மூன்று நிரலகங்கள்

பலரும் பயன்படுத்துவதற்காக முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுப்பைக் கணினியாளர் 'லைப்ரரி' என்பர். இப்பாடத்தில் அதனை நிரலகம் எனக் குறிப்போம். இணைய வரைபடத்துக்குரிய திறந்த நிரலகங்களுள் மூன்று இங்கு நமக்கு வேண்டியவை.

முதலாவது லீஃப்லெட். உக்ரைன் நாட்டைச் சேர்ந்த வொலொதிமிர் அகஃபோன்கின் உருவாக்கி 2011ஆம் ஆண்டு வெளியிட்டது. ஏறத்தாழ 42 கிலோபைட் அளவே உடைய இது கற்பதற்கும் எளிது. வரைபடத்தை நகர்த்துதல், பெருக்குதல், குறியிடுதல், குறியைத் தொட்டால் செய்தியைக் காட்டுதல் ஆகியவற்றை நன்கு செய்யும். படத்துண்டுகளை அடுக்கத் தெரிந்த லீஃப்லெட்டுக்கு வெக்டர் துண்டுகளைத் தானாக வரையத் தெரியாது.

இரண்டாவது மாப்லிப்ரே ஜிஎல். மாப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நிரலகத்தின் இரண்டாம் பதிப்பை 2020 டிசம்பரில் கட்டுப்பாடுள்ள உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அப்போது, முந்தைய திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் கிளைத்தெடுத்து வளர்த்ததே மாப்லிப்ரே. கருவியின் வரைகலைச் செயலியைப் பயன்படுத்தி வெக்டர் துண்டுகளை மிக விரைவாக வரைவது இதன் சிறப்பு. எந்தச் சாலைக்கு எந்த நிறம், எந்த நிலையில் எந்தப் பெயர் என்பனவற்றை ஒப்பனைக் கோப்பு ஒன்றில் விதிகளாக எழுதிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது ஓப்பன்லேயர்ஸ். 2006ஆம் ஆண்டு வெளிவந்த இது படத்துண்டு, வெக்டர் துண்டு ஆகிய இரண்டையும் கையாளும். பலவகை ஆயத்தொலை முறைகளையும் அறியும். பரந்த ஆற்றல் உடையது ஆதலால் கற்கச் சற்று மிகுதியான காலம் வேண்டும்.

பிழை பிறக்கும் இடம்

மாப்லிப்ரேயின் வழக்கமான முறையில், எழுத்துருவின் வடிவங்கள் குறியெண் 256க்கு ஒரு கோப்பு வீதம் பிரித்து வைக்கப்படுகின்றன. 2816 முதல் 3071 வரையுள்ள கோப்பில் ஒடிய எழுத்துகளும் தமிழ் எழுத்துகளும் சேர்ந்தே இருக்கும். பெயரொன்றை எழுத நேரும்போது அதன் குறியெண்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவ்வவற்றுக்குரிய வடிவத்தை இடமிருந்து வலமாக அடுக்குவதே இம்முறை.

ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு இது பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. சகரத்தை எழுதி, அதன் வலப்புறம் இரட்டைக்கொம்பை எழுதி, பின்னர் லகரத்தை எழுதினால் கொம்பு லகரத்தோடு சேர்ந்துவிடும். சேலம் 'சலேம்' ஆனது இவ்வாறே. 'கு' என்னும் கூட்டுவடிவத்துக்குத் தனிக் குறியெண் இல்லை. ககரம் 2965, உகரக்குறி 3009 என்னும் இரண்டும் சேர்ந்தே அது உருவாகிறது. குறியெண் வாரியாக அடுக்கப்பட்ட கோப்பில் அதற்கு இடமில்லாததால் உகரக்குறி தனித்து நிற்கும். தேவநாகரி, பர்மியம், கெமெர் முதலிய எழுத்துமுறைகளுக்கும் இதே இடர் உண்டு. அரபு, ஈப்ரு ஆகியவற்றுக்கெனத் தனி இணைப்பு நிரல் ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. இந்திய எழுத்துகளுக்கும் தீர்வு காணத் தன்னார்வ நிரலாளர்கள் முயன்று வருகின்றனர்.

பெயர் சிதைவதைக் காணும் வடிவமைப்பாளர், ஆங்கிலப் பெயரே போதும் என்று முடிவுசெய்துவிடக் கூடும். அவ்வாறு செய்தால் இழப்பு சிறிதன்று. பரமத்தி வேலூரில் உள்ள லகரமும் கீழ்வேளூரில் உள்ள ளகரமும் உரோமன் எழுத்தில் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும். ஊர்ப்பெயரின் பொருளை உணர்த்துவது அவ்வேறுபாடே. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர், தம் ஊரின் வரைபடத்தைத் தாமே படிக்க இயலாத நிலையும் ஏற்படும்.

பணியைப் பகிரும் முறை

மாப்லிப்ரேக்குக் கோடு வரையும் விரைவு உண்டு. தமிழ் எழுத்து வடிவாக்கத்தில் குறை உண்டு. லீஃப்லெட்டுக்கு வெக்டர் துண்டு தெரியாது. ஆனால், அது பெயர்களை இணையப் பக்கத்தின் இயல்பான உரையாகவே வரைபடத்தின்மேல் வைக்க வல்லது. இயல்பான உரையை எழுதுவது உலாவி. உலாவிக்கோ தமிழ் நன்கு தெரியும். எனவே, நிலத்தை மாப்லிப்ரேயிடமும் பெயரை லீஃப்லெட்டிடமும் ஒப்படைத்தால் இருவர் திறனும் பயன்படும்.

இவ்விணைப்பு நான்கு படிகளில் அமையும். முதலில், லீஃப்லெட்டைக் கொண்டு வரைபடச் சட்டத்தை உருவாக்கி, மையத்தையும் பெருக்கநிலையையும் குறிக்க வேண்டும். இரண்டாவதாக, மாப்லிப்ரேயை லீஃப்லெட்டின் ஓர் அடுக்காக மாற்றும் மாப்லிப்ரே ஜிஎல் லீஃப்லெட் என்னும் சிறு இணைப்பு நிரலைச் சேர்க்க வேண்டும். பயனரின் தொடுகையை லீஃப்லெட் மட்டுமே ஏற்கும். வரைபடம் நகரும்போதெல்லாம் அச்செய்தியை இணைப்பு நிரல் மாப்லிப்ரேக்குத் தெரிவிக்கும். மூன்றாவதாக, ஒப்பனைக் கோப்பிலிருந்து பெயர் எழுதும் விதிகளை நீக்க வேண்டும். இப்போது பெயரில்லாத நிலம் மட்டும் தோன்றும். நான்காவதாக, ஊர்களின் இருப்பிடமும் தமிழ்ப் பெயரும் அடங்கிய ஜியோஜேசான் கோப்பை லீஃப்லெட்டிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் உரைக்குறியாக வைக்கச் செய்ய வேண்டும். லீஃப்லெட்டில் குறிகளுக்குரிய தளம் துண்டுகளுக்குரிய தளத்துக்கு மேலே அமைந்திருப்பதால், பெயர்கள் நிலத்தின்மீது தெளிவாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால், தமிழ் எழுத்துரு இல்லாத கருவியிலும் பெயர்கள் புலப்படும்.

மாற்றுவழியும் உண்டு. மாப்லிப்ரேக்காக எழுதப்பட்ட ஒப்பனைக் கோப்பை ஓப்பன்லேயர்ஸ் புரிந்துகொள்ளுமாறு செய்யும் இணைப்பு நிரல் ஒன்று இருக்கிறது. ஓப்பன்லேயர்ஸ், ஊர்ப்பெயர்போல் ஒரு புள்ளியில் எழுதப்படும் பெயர்களை உலாவியின் எழுத்துப் பொறியைக் கொண்டே வரைகிறது. ஆகவே, அங்கும் தமிழ் சிதைவதில்லை.

இணைப்பில் கருத வேண்டியவை

வெவ்வேறு கைகள் எழுதிய நிரலகங்களை இணைக்கும்போது, ஒரே செய்தியை அவை வெவ்வேறு மரபில் சொல்வதை உணர்தல் வேண்டும். இடத்தைக் குறிக்கையில் லீஃப்லெட் அட்சத்தை முதலிலும் தீர்க்கத்தை அடுத்தும் கேட்கும். மாப்லிப்ரேயோ தீர்க்கத்தை முதலில் கேட்கும். மதுரை ஏறத்தாழ வடக்கு அட்சம் 9.93, கிழக்குத் தீர்க்கம் 78.12 ஆகியவற்றில் உள்ளது. இவ்விரண்டையும் முறைமாற்றி எழுதினால், வரைபடம் ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடலைக் காட்டும். எண்கள் பிழையற்றவை, வரிசையே பிழை. சேலம் என்னும் பெயருக்கு நேர்ந்ததும் அதுவே அன்றோ!

பெருக்கநிலையிலும் வேறுபாடு உண்டு. லீஃப்லெட் 256 படப்புள்ளிப் பக்கமுடைய துண்டை அடிப்படையாகக் கொள்ளும். மாப்லிப்ரே 512 படப்புள்ளியைக் கொள்ளும். ஆதலால் லீஃப்லெட்டில் 12 எனப்படும் நிலை மாப்லிப்ரேயில் 11 ஆகும். இணைப்பு நிரல் இதனைத் தானே சரிசெய்துகொள்ளும். எனினும், ஒப்பனைக் கோப்பில் '11ஆம் நிலை முதல் காட்டு' என எழுதிய சாலை, லீஃப்லெட்டின் 12ஆம் நிலையில்தான் தோன்றும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இணைப்புக்கு விலையும் உண்டு. வரைபடத்தைச் சுழற்றவும் சாய்த்துப் பார்க்கவும் மாப்லிப்ரேயால் முடியும். லீஃப்லெட்டின் சட்டத்துக்குள் வந்தபின் அவ்வசதிகள் பயன்படா. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தாமே விலகச் செய்யும் ஆற்றலும் மாப்லிப்ரேக்கு உண்டு. லீஃப்லெட்டில் அதனை நாமே திட்டமிட வேண்டும். பேரூர்களைத் தொலைவிலிருந்தும் சிற்றூர்களை அண்மையிலிருந்தும் காட்டுமாறு பெயர்களை வகைப்படுத்தலாம். ஆயிரக்கணக்கான உரைக்குறிகளை ஒரே நேரத்தில் வைத்தால் கருவி தடுமாறும். ஓர் ஒன்றியத்தையோ மாவட்டத்தையோ காட்டும் வரைபடத்துக்கு இம்முறை ஏற்றது. நாடு முழுவதற்கும் எனில் ஓப்பன்லேயர்ஸ் வழியே பொருந்தும்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவைப் பயன்படுத்துவோர், அதன் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட்டு வரைபடத்தின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது உரிமத்தின் கட்டளை. பலர் உழைப்பால் விளைந்ததை எடுத்தாள்வோர் அவர்களை நினைவுகூர்தல் முறையே.

நம் பங்கு

உலகில் உருவாகும் மென்பொருள் ஒவ்வொன்றும் எல்லா மொழிகளையும் மனத்திற்கொண்டு உருவாவதில்லை. அதன் குறையைக் கண்டு விலகாமல், குறை எவ்விடத்தில் பிறக்கிறது என்று ஆராய்ந்தால் வழி புலப்படும். சேலம் என்னும் பெயரைச் செம்மையாக எழுத, வரைகலை அறிவோடு உயிர்மெய்யின் இலக்கணமும் வேண்டியிருந்தது. கணினியைக் கற்ற தமிழ் மாணவர் இரண்டையும் ஒருசேரக் காண இயலும். தரவில் தம் ஊரின் தமிழ்ப் பெயர் இல்லையெனில் அதனைச் சேர்ப்பதும், திரையில் அது சிதைந்தால் அதனைச் செப்பம் செய்வதும் நம் தலைமுறையின் பணிகளாகும்.

கற்பவை கற்றபின்

1. தேனி, நெல்லை, கொடைக்கானல் ஆகிய பெயர்களின் ஒலிவரிசையையும் வடிவவரிசையையும் தனித்தனியே எழுதி ஒப்பிடுக. வடிவாக்கம் இல்லாமல் எழுதினால் அவை எவ்வாறு தோன்றும் எனக் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரிலுள்ள தெருக்கள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக. திறந்த வரைபடத்தில் அவற்றுள் எவை தமிழில் இடம்பெற்றுள்ளன எனக் கண்டறிக.
3. ஏழாம் பெருக்கநிலையில் உலகம் எத்தனை துண்டுகளாகும் எனக் கணக்கிடுக.

மதிப்பீடு

குறுவினா: படத்துண்டில் ஊர்ப்பெயரின் மொழியை மாற்ற இயலாதது ஏன்?
சிறுவினா: 'எண்கள் பிழையற்றவை, வரிசையே பிழை' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
நெடுவினா: வரைபட நிரலகங்களை இணைத்துத் தமிழ்ப் பெயர்களைச் செம்மையாகக் காட்டும் முறையை, அதன் நிறைகுறைகளுடன் விளக்குக.